வியாழக்கிழமைக்குள் மகிழ்ச்சி

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த சுற்றறிக்கை மூன்று பக்கம் இருந்தது. லிஃப்ட் மெக்கானிக் அதைப் படிக்கவில்லை. ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவே நான்கு பேர் மாட்டிக்கொண்டு கத்துவதாக போன் வந்திருந்தது. ஒரு காலில் செருப்பை நுழைத்துக்கொண்டே மூன்றாம் பக்கத்தில் கையெழுத்தைப் போட்டு, மகளின் பையில் திணித்துவிட்டு ஓடினார். பெற்றோர் கையெழுத்து பெரும்பாலும் இப்படித்தான் விழுகிறது. அந்தத் தைரியத்தில்தான் பள்ளிக்கூடங்கள் சுற்றறிக்கை அனுப்புகின்றன.

ஆகவே அடுத்த திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு, இரண்டாம் வகுப்பில் படிக்கும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளி வாசலுக்கு வந்தவர், அங்கே ஐந்து பாய்கள் விரித்திருப்பதையும், நானூறு பிள்ளைகள் தெருமுனை வரை வரிசையில் நிற்பதையும் பார்த்து, யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்தார்.

யாரும் இறக்கவில்லை. ‘காலை உள்ளநல வரவேற்புத் திட்டம்’ தொடங்கியிருந்தது.

ஒரு பிள்ளை காலையில் மனதில் என்ன சுமையோடு வருகிறது என்று தெரியாமல் அதற்குப் பாடம் நடத்தக் கூடாது என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் மேலிடத்திலிருந்து பள்ளி வாசல் வரை இறங்கி வருவதற்குள் அந்த எண்ணத்துக்கு ஒரு படிவமும் ஒரு பதிவேடும் ஓர் ஒருங்கிணைப்பாளரும் முளைத்துவிட்டன. மஞ்சள் பாய் மகிழ்ச்சி. நீலப் பாய் சோகம். சிவப்பு கோபம். சாம்பல் நிறம் பயம். பச்சை அமைதி. ஒவ்வொரு பிள்ளையும் தன்னுடைய பாயில் ஏறி நின்று, உணர்வை உரக்கச் சொல்லி, அது பதிவேட்டில் ஏறிய பிறகுதான் உள்ளே போகலாம். உணர்வு இல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை.

ஒருங்கிணைப்பாளர் போன வாரம் வரை விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வந்திருந்தார். பதவி மாறினாலும் விசில் பழைய இடத்திலேயே கழுத்தில் தொங்கியது. யாராவது பாயில் நின்று தேவைக்கு மேல் உணர்ந்துகொண்டிருந்தால் ஊதுவார்.

மெக்கானிக்கின் மகளை வீட்டில் மிளகு என்று கூப்பிடுவார்கள். ஆள் பொடி, வாய் காரம். முறை வந்ததும் அவள் ஐந்து பாய்களையும் ஒருமுறை மேய்ந்து பார்த்துவிட்டு ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டாள்.

“எனக்குப் பல்லு ஆடுது. அது எந்தப் பாய்?”

ஒருங்கிணைப்பாளர் தன் இரண்டு நாள் பயிற்சியை மனதுக்குள் முதலிலிருந்து கடைசி வரை புரட்டினார். பல் எங்குமே வரவில்லை. பல் ஆடுவது உனக்கு எப்படி இருக்கிறது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்த குரலில் கேட்டார். ஆடுவது மாதிரி இருக்கிறது என்றாள் மிளகு. பின்னால் இருந்த பையன்கள் சிரித்தார்கள். விசில் ஊதப்பட்டது. பதிவேட்டில் ‘வகைப்படுத்தப்படாத உணர்வு, கண்காணிப்பு தேவை’ என்று எழுதி, தற்காலிகமாகப் பயத்தின் பாயில் ஏற்றினார். மிளகு துளியும் பயப்படாமல் அதில் நின்றுவிட்டு உள்ளே போனாள்.

மூன்றாம் நாள் மெக்கானிக்குக்கு அழைப்பு வந்தது. ஒருங்கிணைப்பாளர் எதிரே உட்கார வைத்து, வீட்டில் எல்லாம் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

“நல்லாத்தான் இருக்கு சார்.”

ஒருங்கிணைப்பாளரின் பேனா நின்றது. “நல்லா இருக்குன்னு சொல்லலையே நீங்க. நல்லாத்தான் இருக்குன்னு சொல்றீங்க. அந்தத் ‘தான்’ எதுக்கு?”

மெக்கானிக் திகைத்துப்போனார். முப்பத்தெட்டு வருடமாக அந்தத் ‘தான்’ அவர் வாயில் இருக்கிறது, எதற்கு என்று ஒருநாளும் யோசித்ததில்லை. அது சும்மா வந்தது என்றார். ‘சும்மா’ என்பதை ஒருங்கிணைப்பாளர் தனி வரியில் எழுதி அடிக்கோடு போட்டார். ஏதாவது பிரச்சினையா என்று மெக்கானிக் கேட்டதற்கு, பிரச்சினை என்ற சொல்லை முதலில் எடுத்தது நீங்கள்தான் என்பதைக் குறித்துக்கொள்கிறேன் என்றார். பேட்டி முடிந்து வெளியே வந்தபோது, காலையில் சாதாரணமாக வீட்டைவிட்டுக் கிளம்பிய மெக்கானிக், நான்கு வகை மன அழுத்தம் உள்ளவராக இருந்தார்.

அன்றைக்கு அவர் போக வேண்டிய கட்டடத்தில் ஒரு கிழவர் ஆறு மாடி ஏறி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். ஏன் லேட் என்று அவர் கேட்டபோது மெக்கானிக் குனிந்து கருவிப் பையைத் திறந்தார்.

திட்டம் வேரூன்றியது. நானூறு பேரும் உணர்ந்து முடிக்க ஐம்பது நிமிடம் பிடித்தது, ஆகவே முதல் பாடவேளை காணாமல் போனது. இரண்டாம் வகுப்புக்கு முதல் பாடவேளை கதைப் பாடம். அது போனதில் பல பிள்ளைகளுக்குச் சோகம் வந்தது. ஆனால் சோகத்தின் பாயில் ஏறினால் ‘ஆறுதல் அறை’க்குப் போக வேண்டும். பழைய பந்துகளும் கிழிந்த வலையும் கிடந்த அறையைப் பெருக்கி அந்தப் பலகையை மாட்டியிருந்தார்கள். அங்கே முப்பத்திரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லி ஆறுதல் அடைவதற்குள் இரண்டாம் பாடவேளையும் போய்விடும். கோபத்தின் பாயில் ஏறினால் அப்பாவைக் கூப்பிடுவார்கள். பயத்தில் ஏறினால் அம்மாவை.

பிள்ளைகளுக்கா புரியாது? இரண்டே வாரத்தில் பள்ளிக்கூடமே மகிழ்ச்சிக்கு மாறிவிட்டது. மூக்கு ஒழுகிக்கொண்டு வருகிறவனும் மஞ்சள் பாய். வழியில் அடிவாங்கிக்கொண்டு வருகிறவளும் மஞ்சள் பாய். முழங்காலில் ரத்தம் வடிய வந்த ஒரு பையன், ‘மகிழ்ச்சி’ என்று கத்திவிட்டு நொண்டிக்கொண்டே ஓடினான். மஞ்சள் பாய் தேய்ந்து நடுவில் தரை தெரிந்தது. மற்ற நான்கும் வாங்கிய நாள் போலவே இருந்தன. பள்ளியில் சோகம் தொண்ணூறு விழுக்காடு ஒழிக்கப்பட்டது என்று தலைமையாசிரியை மண்டல அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்பினார்.

இந்தச் சமயத்தில் மெக்கானிக்கின் வீட்டில் ஒரு மாற்றம் வந்தது. அவருடைய மனைவி பேருந்து ஓட்டுநர். இத்தனை நாள் பகல் வண்டி ஓட்டியவரை, முதல் வண்டிக்கு மாற்றிவிட்டார்கள். காலை ஐந்து மணிக்கு டிப்போவிலிருந்து கிளம்பும் வண்டி அது. நாலரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பினால்தான் சரியாக இருக்கும். மகளை எழுப்பிப் பால் கொடுப்பது, சடை பின்னுவது எல்லாம் மெக்கானிக்கின் தலையில் விழுந்தது. இரும்புக் கயிற்றைக் கோத்துக் கட்டத் தெரிந்த கைக்கு இரண்டு ரிப்பன் அடங்கவில்லை. ஒரு சடை காதுக்கு மேலேயும் ஒரு சடை தோளுக்குக் கீழேயும் தொங்க மிளகு பள்ளிக்கூடம் போனாள்.

போனவள் நேராக நீலப் பாயில் ஏறினாள். மறுநாளும் ஏறினாள். அதற்கு மறுநாளும்.

மகிழ்ச்சியின் வரிசையில் நிற்கிற பிள்ளைகள் அவளைப் பார்த்து, மஞ்சளுக்கு வா என்று கையாட்டினார்கள். அவள் வரவில்லை. வாய் காரமெல்லாம் எங்கேயோ போய், பாயின் நடுவில் காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு, “சோகம்” என்று சின்னக் குரலில் சொல்லுவாள். உரக்கச் சொல்லச் சொல்வார் ஒருங்கிணைப்பாளர். அவள் உரக்கச் சொல்லுவாள். பிறகு ஆறுதல் அறை. பதினான்காம் கேள்வி, ‘உன் சோகம் என்ன வடிவம்? வட்டம், சதுரம், முக்கோணம், செவ்வகம்’ என்று இருந்தது. மிளகு, பஸ் என்றாள். ஒருங்கிணைப்பாளர் சிறிது யோசித்து, செவ்வகத்தில் டிக் அடித்தார்.

ஏழாம் நாள் தலைமையாசிரியையே மெக்கானிக்கைக் கூப்பிட்டனுப்பினார். அவர் மேஜைமேல் வண்ணக் கோடுகள் போட்ட ஒரு வரைபடம் விரிந்திருந்தது. மஞ்சள் கோடு கூரையைத் தொட்டுக்கொண்டு போனது. கீழே ஒரே ஒரு நீலப் புள்ளி. அந்தப் புள்ளியின்மேல் விரலை வைத்தார்.

“இது யாருன்னு தெரியுதா?”

மெக்கானிக் குனிந்து பார்த்தார். தெரியவில்லை என்றார்.

“உங்க பொண்ணு. நானூத்துப் பதினோரு பேர் சந்தோஷமா இருக்காங்க சார். உங்க வீட்டுலேர்ந்து ஒரு ஆளுதான் ஒத்துழைக்கல. வியாழக்கிழமை மண்டல அதிகாரி வர்றாரு. நூறு விழுக்காடு மகிழ்ச்சி காட்டுற பள்ளிக்குத்தான் கேடயம். நாங்க எந்தக் குழந்தையையும் கட்டாயப்படுத்துறதில்ல. அவ மனசு என்ன சொல்லுதோ அதைத் தாராளமாச் சொல்லலாம். ஆனா வியாழக்கிழமைக்குள்ள மனசு மகிழ்ச்சின்னு சொல்லணும்.”

மெக்கானிக் தயங்கித் தயங்கி, அவள் ஏன் சோகமாக இருக்கிறாள் என்று இங்கே யாராவது கேட்டீர்களா என்று விசாரித்தார். தலைமையாசிரியை படிவத்தை எடுத்து முப்பத்திரண்டு கேள்விகளையும் மேலிருந்து கீழாகப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

“அந்தக் கேள்வி இதுல இல்லையே” என்றார். அவருக்கே அது கொஞ்சம் வியப்பாக இருந்த மாதிரி தெரிந்தது.

படியிறங்கி வரும்போது மெக்கானிக்குக்கு முகம் சுட்டது. பள்ளிக்கூடம் கேட்காதது இருக்கட்டும், நாம் கேட்டோமா என்று நினைத்துக்கொண்டார். ஏழு நாளாகக் காலையில் பால், சடை, செருப்பு, ஓட்டம். கேட்கவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை, வழக்கம்போல் மகளைச் சுவரோரம் உட்கார வைத்துச் சீப்பை எடுத்தார். வகிடு மூன்றாவது தடவையும் கோணியது. முகம் பார்க்காமல், முடியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“என்னம்மா, எதுக்கு டெய்லி அந்த நீலப் பாய்?”

மிளகு ரிப்பனின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள். அதை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னாள்.

“அம்மா போயிட்டு வரேன்னு சொல்லாம போறாங்க. நான் எந்திரிச்சுப் பார்த்தா ஆள் இல்ல.”

அவ்வளவுதான். மெக்கானிக் சீப்பைக் கீழே வைத்துவிட்டார்.

மாலையில் மனைவி வந்ததும் சொன்னார். அவர் சீருடையைக்கூடக் கழற்றாமல் அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். தூங்குகிற பிள்ளையை அந்த நேரத்தில் எழுப்பினால் பாவம் என்று, விளக்குப் போடாமல், இருட்டில் பொத்தானைத் தப்புத்தப்பாகப் போட்டுக்கொண்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்திருக்கிறார்.

“நான் அவளுக்காகத்தாங்க சத்தம் போடாம போனேன்” என்றார். பிறகு, “நானும்தான் அவ முகத்தைப் பார்க்காம போறேன். எனக்கு யாரு பாய் போட்டாங்க?” என்றார்.

புதன்கிழமை காலை நாலரைக்கு அவர் மகளைத் தொட்டு எழுப்பி, போயிட்டு வரேன் என்றார். மிளகு ஒரு கண்ணை மட்டும் திறந்து, சரி என்று தலையாட்டிவிட்டு, பிறகு தூங்காமல் மூன்று மணி நேரம் அப்பாவின் காதருகே பேசினாள். பள்ளிக்கூடம் போனதும் மஞ்சள் பாயில் ஏறி நின்று அவள் போட்ட சத்தத்தில் ஒருங்கிணைப்பாளரின் விசில் வாயிலிருந்து விழுந்தது. தலைமையாசிரியை மாடியிலிருந்து மெக்கானிக்கைப் பார்த்துக் கைகூப்பினார்.

வியாழக்கிழமை காலையும் மிளகு நாலரைக்கு எழுந்துவிட்டாள். எட்டரைக்கு வர வேண்டிய மண்டல அதிகாரி பத்து மணிக்கு வந்தார். அதுவரை நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளும் மகிழ்ச்சிக்குத் தயாராக வெயிலில் நின்றார்கள். மிளகை முதல் ஆளாக நிறுத்தியிருந்தார்கள், அதிகாரி கண்ணில் முதலில் படட்டும் என்று. முதல் ஆளின் பக்கத்தில்தான் நீலப் பாய் இருந்தது. அவளைத் தவிர யாரும் மிதிக்காததால் மெத்தென்று, சுத்தமாக இருந்தது. இரண்டாவது கொட்டாவி விட்ட பிறகு மிளகு அதில் உட்கார்ந்தாள். பையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்தாள். வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து அதிகாரியின் கார் வந்து நின்றது.

தலைமையாசிரியை ஓடி வந்து குழந்தையைத் தூக்கக் குனிந்தார். அதிகாரி கையை உயர்த்தித் தடுத்தார். “பாயில் இருக்கும் குழந்தையைத் தொடவோ அவசரப்படுத்தவோ கூடாது. ஏழாவது விதி. நான் எழுதினது” என்றார். அவர் விதியை மதிக்கிறவர், அதிலும் தாம் எழுதியதை மிகவும் மதிக்கிறவர்.

ஆகவே பள்ளிக்கூடம் மொத்தமும் காத்திருந்தது. முதல் பிள்ளை பதிவாகாமல் இரண்டாவது பிள்ளையைப் பதிய விதியில் இடமில்லை. ஆசிரியர்கள் வாசலுக்கு உள்ளே நின்றார்கள், பிள்ளைகள் வாசலுக்கு வெளியே நின்றார்கள். நடுவில் மிளகு லேசாகக் குறட்டை விட்டாள். வாழ்த்துப் பாட்டு சைகையால் பாடப்பட்டது. ஒலிபெருக்கி அணைக்கப்பட்டு, அதிகாரி தம்முடைய நாற்பது நிமிட உரையைக் கிசுகிசுப்பாக நிகழ்த்தினார். மெக்கானிக் அருகில் நின்றதால் அவர் காதில் மட்டும் முழுவதும் விழுந்தது.

“நாங்க படிக்கிறப்ப காலையில அழுதா வாத்தியார் அடிப்பார். எதுக்கு அழறோம்னு யாரும் கேட்டதில்ல. இன்னிக்கு அந்தக் கொடுமை இல்ல. அழறதுக்கு நாமளே பாய் போட்டுத் தர்றோம். எத்தனை பேர் அழறாங்கன்னு என் மேஜையில உட்கார்ந்துக்கிட்டே என்னால சொல்ல முடியும். எதுக்கு அழறாங்கன்னு கேட்டுட்டு நேரத்தை வீணாக்குற காலமெல்லாம் மலையேறிப்போச்சு.”

எல்லாரும் சத்தமில்லாமல் கைதட்டினார்கள்.

பிறகு அதிகாரி நீலப் பாயின் அருகே குந்தி உட்கார்ந்து குழந்தையை உற்றுப் பார்த்தார். சோகத்தின் பாயில் இவ்வளவு நிம்மதியை அவர் எந்தப் பள்ளியிலும் பார்த்ததில்லை. இது எப்படிச் சாத்தியமாயிற்று என்று தகப்பனிடம் கேட்டார். மெக்கானிக்குக்குப் பொய் சொல்லத் தெரியாது. போதாக்குறைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றதில் கால் வலித்தது.

“அவ அம்மா காலையில நாலரைக்கு எழுப்பி, போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனாங்க சார். அதான் தூக்கம் பத்தல.”

அதிகாரி பின்னால் நின்ற உதவியாளரைத் திரும்பிப் பார்த்தார். உதவியாளர் எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததை வாங்கிப் படித்துப் பார்த்த அதிகாரி, கடைசி வாக்கியத்தை மட்டும் அடித்துவிட்டார்.

பதினொன்றேகாலுக்கு மிளகு கண் விழித்தாள். முன்னால் நானூறு பேர் தன்னையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, “என்ன?” என்று கேட்டாள். அது எந்த உணர்வு என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேடயம் கிடைத்தது.

புதிய சுற்றறிக்கை பத்து நாளில் வந்தது. இந்த முறை ஐந்து பக்கம். மெக்கானிக் உட்கார்ந்து வரி விடாமல் படித்தார். மண்டலத்தின் எல்லாப் பள்ளிகளிலும் படிக்கும் பிள்ளைகளின் தாய்மார் தினமும் காலை நாலரை மணிக்குப் பிள்ளையை எழுப்பி, ‘போயிட்டு வரேன்’ என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். சொன்னதற்குப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். வேலைக்குப் போகாத தாய்மாருக்கும் இது பொருந்தும். சொல்லிவிட்டுப் போகாமல் இருப்பது குழந்தையின் நம்பிக்கையைக் குலைக்கும் என்பதால், குறைந்தது முப்பது நிமிடமாவது வீட்டைவிட்டு வெளியே போயிருக்க வேண்டும்.

மனைவியிடம் அதைப் படித்துக் காட்டினார். அவர் சிரிக்கவில்லை. “நான் எதுக்கு எழுப்புனேன், இவங்க எதுக்கு எழுப்பச் சொல்றாங்க” என்று மட்டும் சொன்னார்.

மறுவாரம் முதல் நாள், மகளிடம் சொல்லிக்கொண்டு படியிறங்கிய ஓட்டுநர், கீழ்த்தளத்தில் பக்கத்து வீட்டுப் பெண் இரவு உடையோடு இருட்டில் நிற்பதைப் பார்த்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். எங்கேயும் இல்லை, சர்குலர் என்று பதில் வந்தது. தெருவில் வீட்டுக்கு வீடு விளக்கு எரிந்தது. வாசலுக்கு வாசல் ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றாள்.

ஐந்து மணி வண்டி எப்போதும் காலியாகவே ஓடுகிற வண்டி. அன்றைக்கு முதல் நிறுத்தத்தில் மூன்று பெண்கள் ஏறினார்கள். அடுத்ததில் இரண்டு பேர், அதற்கடுத்ததில் மூன்று பேர். ஒருத்தி கையில் படிவம் இருந்தது. எங்கே இறங்கணும் என்று ஓட்டுநர் கேட்டதற்கு, ஏறின இடத்திலேயே என்றார்கள். முதலில் எல்லாரும் அதிகாரியைத் திட்டினார்கள், பிறகு தலைமையாசிரியையைத் திட்டினார்கள். கொஞ்ச தூரம் போனதும் பேச்சு தானாக அடங்கிவிட்டது. ஜன்னலில் காற்று வந்தது. இந்த நேரத்தில் இவர்களிடம் தண்ணீர் கேட்கவோ, காணாமல் போன சாக்ஸைத் தேடச் சொல்லவோ அங்கே யாரும் இல்லை. ஒருத்தி ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தாள்.

நான்காவது நிறுத்தத்தில் ஏறியவரைப் பார்த்து எல்லாரும் ஒரு நிமிடம் விறைத்தார்கள். தலைமையாசிரியை. அவருக்கும் வேறு பள்ளியில் பத்தாம் வகுப்புப் படிக்கிற மகன் இருந்தான். எழுப்பியதற்கு அவன் இவர் முகத்தில் தலையணையை எறிந்திருந்தான். அவர் யாரையும் பார்க்காமல் ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தார். முன்னிருப்பது யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வண்டி திரும்பி வீட்டுப் பக்கம் வந்துகொண்டிருந்தபோது, மெல்ல முன்னால் குனிந்து கேட்டார்.

“கொஞ்சம் சுத்திப் போக முடியுமாம்மா?”

ஓட்டுநர் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். பின்னால் எட்டுப் பெண்களும் அசையாமல், பதிலுக்குக் காது கொடுத்துக்கொண்டு இருந்தார்கள்.

“ரூட்டை மாத்துற அதிகாரம் எனக்கு இல்ல மேடம்” என்றார். “மெதுவா வேணா ஓட்டுறேன்.”